கடல்மேல் நின்றவனுக்கான தொழுகை

வாலைத்துறைக்கு எதிரே கடல்மேல் ஓர் ஆள் நிற்க ஆரம்பித்தது, ஹுர்முசிலிருந்து குதிரை ஏற்றி வந்த கப்பல் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் புயலில் உடைந்த நாற்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. கப்பலில் இருந்த முப்பத்திரண்டு பேரில் முப்பத்தோரு பேரைக் கடல் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்களைக் குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, தொழுது அடக்கி, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்த ஜமாஅத்தார் பள்ளிவாசலுக்கு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, கிழக்கே கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில், ஒரு நெல்மணி உயரத்துக்கு அவன் நின்றுகொண்டிருந்தான். படகு இல்லை, பலகை இல்லை. அலைதான் அவன் காலடியில் ஏறி இறங்கியதே தவிர அவன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஊர் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவரவருக்கு வேலை இருந்ததால் கலைந்து போனார்கள்.

மறுநாள் கட்டுமரக்காரர்கள் அவனைத் தேடிப் போனார்கள். போனவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. கரையில் நின்றவர்களுக்கோ, கட்டுமரம் அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போய்வருவது நன்றாகத் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் ஊர் அவனுக்குப் பழகிவிட்டது. ஆளுக்குத் தெற்கே வலை போட்டால் சூடை, வடக்கே போட்டால் நெத்திலி என்று மீன்காரர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு அவனைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களை முதலில் கடற்கரைக்கு அழைத்துப்போய் அவனைக் காட்டிவிட்டுத்தான் பலகாரத் தட்டை நீட்டினார்கள். அவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இடது தோள் சற்றே சரிந்த அந்த நிற்பு, கடல் திருப்பித் தராத முப்பத்திரண்டாவது ஆளான சாலிகு நெய்னாவின் நிற்பு.

ஊருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அவன் உயிரோடு நிற்கிறானா, செத்து நிற்கிறானா?

அதைச் சொல்ல வேண்டியவர் காஜி ஹிபத்துல்லா. முப்பது வருடமாக வாலைத்துறையின் வழக்குகளைத் தீர்ப்பவர். மனைவி இறந்து, மகள்களும் கட்டிக்கொடுத்த ஊர்களுக்குப் போய்விட, புத்தகங்களோடும் ஒரு கிணற்றோடும் தனியாகக் குடியிருப்பவர். துறைமுகத்து மக்கள் எல்லோரையும் போல அவரும் மார்க்கச் சட்டத்தின் நான்கு வழிகளில் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர். தன் மத்ஹபின் புத்தகங்களில் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மற்ற மூன்று மத்ஹபுகளைப் பக்கத்துத் தெருக்காரர்களைப் போலப் பார்ப்பார், அதாவது சலாம் சொல்வார், வீட்டுக்குள் போக மாட்டார். கடலில் நிற்கிறவன் ஊர்வாசியா பயணியா, பெருநாளில் அவனுக்கும் இறைச்சியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமா என்றெல்லாம் ஊரார் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் அவர் பதில் எழுதினார். அவன் மேற்கே பார்த்து நிற்கிறானே, அது கிப்லா திசையா, இல்லை ஊரையா என்று கேட்டபோது மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்தார். அந்தக் கரையில் ஊரும் மக்காவும் ஒரே பக்கம். தொழுகிறவன் என்றால் குனிய வேண்டும், நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். அவனோ நின்றுகொண்டே இருந்தான். குனியாமல் நின்றபடியே முடிக்கிற தொழுகை ஒன்றுதான் உண்டு, அது இறந்தவருக்காகத் தொழுவது. காஜி அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் பொறுத்திருந்துவிட்டு, சாலிகு நெய்னாவின் மனைவி மைமூன் நாச்சி ஒரு முஹர்ரம் மாதத்தில் காஜியின் வீட்டுக்கு வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கட்டிய நான்காம் மாதமே கப்பலேறிப் போனவன் அவன். தன்னை விடுவிக்கும்படி கேட்டாள். காஜி துறைமுகங்களுக்கெல்லாம் ஆள் விட்டு விசாரித்தார். கொல்லத்திலும் இல்லை, ஹுர்முசிலும் இல்லை, எங்கே இருக்கிறான் என்று வாலைத்துறைக்காரர்களுக்கே தெரிகிறதே என்று பதில் வந்தது. உயிரோடு போனவன் செத்தான் என்று உறுதியாகத் தெரிகிறவரை உயிரோடு இருப்பவன்தான்; அவன் மனைவி மனைவிதான். தன் மத்ஹபின் முடிவு அது என்று காஜி சொன்னார். மறு வருடமும் வந்தாள், அதையே சொன்னார். குதிரை வியாபாரிகளான ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபுக்காரர்கள் என்பதால் அவர்களுடைய மௌலானா குத்புத்தீனிடமும் ஆள் விட்டுக் கேட்டாள். அவன் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் செத்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். அவன் வயதுக்காரர்களோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற இளவட்டங்கள்.

மூன்றாம் வருடம் வந்தபோது அவள் திரையை ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

“காஜியாரே, அவுக மவுத்தாயிட்டாகன்னு நீங்க சொல்ல வேணாம். இருக்காகன்னாவது சொல்லுங்க. இருந்தா, ஏன் வீட்டுக்கு வரலன்னு கேட்டு சண்டை போடுவேன். செத்திருந்தா அழுதுட்டு எந்திரிப்பேன். ரெண்டும் இல்லாம சன்னலத் திறந்தா ஒரு ஆளு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறாக. அதுக்கு எந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?”

காஜிக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டதுதான் வினை. இருபத்து நாலு வயதில் அப்படி வற்றிப்போன ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. அவளை மணக்க ராவுத்தர் தெருவிலிருந்து யாக்கூபு என்ற நல்ல மனிதன் காத்திருப்பதும் அவருக்குத் தெரியும். ஊரே அறிந்து, மரியாதைக்கு அறியாததுபோல நடந்துகொண்ட சேதி அது.

அடுத்த வருடம் முஹர்ரத்துக்குச் சில நாள் முந்தி, காற்றுக்காக ஒதுங்கிய ஒரு கப்பலிலிருந்து, மேற்கே வெகு தூரத்து மக்ரிபு தேசத்து அறிஞர் ஒருவர் இறங்கினார். இத்ரீசு என்று பெயர், மாலிக்கி மத்ஹபுக்காரர். வெளியூர் ஆள் எவர் வந்தாலும் காஜியின் வீட்டில்தான் தங்குவது வாலைத்துறை வழக்கம். நண்டுக் குழம்பைத் தொடலாமா கூடாதா என்பதில் தொடங்கி இரண்டு பேரும் மூன்று நாள் பேசித் தீர்த்தார்கள். மூன்றாம் நாள் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பின் காஜி அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஆளைக் காட்டினார். மக்ரிபுக்காரர் நெற்றியில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார். தங்கள் மத்ஹபில் காணாமல் போனவனுக்கு நாலு வருடம் தவணை, அதற்குள் வராவிட்டால் இறந்தவனாகத் தீர்ப்பு, பிறகு மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருந்துவிட்டு யாரையும் மணக்கலாம் என்றார். தேவை முற்றினால் ஒரு காஜி அடுத்த மத்ஹபின் கதவைத் தட்டலாம், தப்பில்லை என்றும் சொன்னார். அதற்குள் காற்று திரும்பிவிட்டது என்று கப்பலிலிருந்து முரசு கேட்டது. அவர் பாதிப் பேச்சில் எழுந்து ஓடினார்.

காஜி அன்றைக்கே கணக்குப் பார்த்தார். கப்பல் உடைந்து ஐந்து வருடம். நாலு வருடத் தவணை தாண்டி ஒரு வருடம் உபரியாகவே கிடந்தது. இவ்வளவு நாள் ஒரு பெண்ணைச் சும்மா வாட்டிவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. சாலிகு நெய்னா இறந்துவிட்டான் என்று எழுதி முத்திரையை அழுத்தினார். இரவல் வாங்குகிறவன் பாத்திரத்தின் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது முப்பது வருடம் சட்டம் படித்த அந்த மனிதருக்குத் தோன்றாமல் போயிற்று.

முத்திரை விழுந்த அன்று, கடலில் நின்ற ஆள் ஒரு காலை எடுத்து முன்னே வைத்தான்.

அதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. மோதினார் உதுமான் மட்டும், பாங்கு சொல்ல மேடையேறும்போதெல்லாம் கட்டைவிரலை நீட்டி அவனை அளந்துகொண்டிருந்தார். நெல்மணி அளவிலிருந்தவன் புளியங்கொட்டை ஆனான், புளியங்கொட்டையாக இருந்தவன் விரல் நகம் ஆனான், நாளுக்கு ஓர் அடி என்று அவசரமில்லாமல், மனைவி இத்தாவில் நாள் எண்ண எண்ண அவனும் அடி எண்ணிக்கொண்டு வருகிறவனைப்போல வந்துகொண்டிருந்தான். மீன்கள் தெற்கே நகர்ந்துவிட்டன. கிணறுகளில் லேசாக உப்பு கரித்தது. பெண்கள் உலைக்கு உப்புப் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மைமூன் வீட்டில் கல்யாணத்துக்கு மாவு இடித்தார்கள். இடிக்கிறவர்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இடித்தார்கள்.

இதற்கிடையில் சாலிகு நெய்னாவுக்கு இறந்தவருக்குரிய ஜனாஸாத் தொழுகை தொழுவதா என்று ஒரு பெரிய வழக்காடல் நடந்தது. உடல் இல்லாமலும் தொழலாம் என்பது துறைமுகத்தார் மத்ஹபு. உடலை முன்னால் வைக்காமல் தொழுதால் செல்லாது என்பது ராவுத்தர்கள் மத்ஹபு. உடல்தான் கண்ணுக்குத் தெரிகிறதே என்றார் துறைமுகத்தில் ஒருவர். தெரிகிறது, ஆனால் நம் முதுகுக்குப் பின்னால் தெரிகிறது, முன்னாலல்லவா இருக்க வேண்டும் என்றார் மௌலானா குத்புத்தீன். நாலு மாதம் இப்படிக் கழிந்து, கடைசியில் இத்தா முடிகிற வெள்ளிக்கிழமை துறைமுகத்தார் மட்டும் தொழுவது, அன்று அஸருக்குப் பின் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்குப் பத்து நாள் முன்பு கொல்லத்திலிருந்து தரை வழியாக மக்ரிபுக்காரரின் கடிதம் வந்தது. நலம் விசாரித்து, நண்டுக் குழம்பைப் பற்றிக் கேலி எழுதி, கடைசியில் நாலு வரி. கப்பல் முரசால் அன்று சொல்ல விட்டுப்போனது என்று ஆரம்பித்திருந்தார். எங்கள் மத்ஹபில் அந்த நாலு வருடம், அவன் காணாமல் போன நாளிலிருந்து அல்ல. மனைவி காஜியிடம் வந்து முறையிட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இதைக் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் முறையிட்டு மூன்று வருடம் முடிந்த கையோடு அவர் முத்திரை போட்டிருந்தார். ஒரு வருடம் குறைகிறது. அப்படியானால் தீர்ப்பு செல்லாது, இருந்த இத்தா இத்தா இல்லை, யாக்கூபை அவள் மணந்தால் அது கணவன் இருக்க இன்னொருவனோடு வாழ்வது. காஜி மைமூன் வீட்டுக்குக் கிளம்பினார். இன்னும் பொறு, பிறகு முதலிலிருந்து இன்னொரு இத்தா இரு என்று அவளிடம் சொல்ல வேண்டும். தெருமுனை வரை போனார். மாவு இடிக்கிற சத்தமும் அதற்கு நடுவே அவளுடைய சிரிப்பும் கேட்டன. அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. போதாக்குறைக்கு, தெரியாத சந்துக்குள் நுழைந்து முட்டிக்கொண்டார் காஜி என்று மௌலானா குத்புத்தீன் தாடியைத் தடவிக்கொண்டு சொல்லப்போவதும் காதில் விழுவதுபோல இருந்தது. இரண்டில் எது அவரைத் திருப்பி அனுப்பியது என்று அவருக்கே தெரியாது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வரிசை கட்டினார்கள். கடல் எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காஜி முன்னால் நின்று அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் சொன்னபோது மணலில் யாரோ நடப்பது கேட்டது. இரண்டாவதில் பள்ளிவாசல் படியில் கேட்டது. மூன்றாவதில் ஈரக் கால் கல்தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டு, கடைசி வரிசையில் வந்து நின்றது. நாலாவது தக்பீரையும் காஜி சொல்லி முடித்தார். வலப்பக்கம் திரும்பி சலாம் சொன்னார். இடப்பக்கம் திரும்பினார். கடைசி வரிசையின் ஓரத்தில், இடது தோள் சரிந்து, உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவனும் இடப்பக்கம் திரும்பி சலாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் நின்றவன் அவனுடைய தம்பி. தம்பி நகர்ந்து இடம் விட்டான். யாரோ வெளியூர் மனிதருக்கு விடுவதுபோல, மரியாதையாக.

“மையித்து யாருங்க?” என்று வந்தவன் கேட்டான்.

எல்லோரும் காஜியைப் பார்த்தார்கள். காஜியின் கை ஒருமுறை சட்டைக்குள் போய்க் கடிதத்தைத் தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தது.

“சாலிகு நெய்னா” என்றார்.

“அல்லா அவுக பாவத்தப் பொறுக்கட்டும்” என்றான் வந்தவன். பிறகு, இறந்தவருடைய வீடு எங்கே இருக்கிறது, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். கேட்பவனுக்கு மையித்து வீட்டுக்கு வழி சொல்லாமல் இருக்க முடியாது. மோதினார் கையை நீட்டிக் காட்டினார். அவன் முன்னே நடந்தான், ஊர் பின்னே நடந்தது. பழைய கூட்டாளிகள் அவனை எந்த ஊர் என்று விசாரித்தார்கள். இறந்துவிட்டான் என்று முத்திரை போட்ட ஒருவன் தெருவில் நடக்க முடியாதாகையால், நடக்கிறவன் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் நாலு மாதமாகவே தன்னைத் தயார் செய்து வைத்திருந்தது.

மைமூன் கதவைத் திறந்தாள். கையில் மருதாணி. அவன் தலையைத் தாழ்த்தி, உங்கள் மாப்பிள்ளை மவுத்தான சேதி கேட்டேன், மனசு கஷ்டமாக இருக்கிறது என்றான். வாசற்படியில் தண்ணீர் தேங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே காஜியைத்தான் பார்த்தாள்.

“காஜியாரே, இவுக யாரு?”

இத்தனை வருடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். காஜிக்கு அவளுடைய அந்த வற்றிய முகம் நினைவுக்கு வந்தது.

“வெளியூர் ஆளு, மகளே.”

“அந்நிய ஆம்பளைக்கு இந்த வீட்டுல என்ன சோலி?” என்று சொல்லி அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். தாழ் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

வெளியூர் ஆள் காஜியின் வீட்டில்தான் தங்க வேண்டும். இரண்டு பேரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். காஜி பாயை விரித்தார். அவன் உட்காராமல் சுவரோரம் நின்றான்.

“ஒங்க சட்டைக்குள்ள ஒரு காயிதம் இருக்கு” என்றான். “எனக்கு இன்னும் ஏழு மாசமும் இருவது நாளும் இருக்குன்னு அதுல எழுதியிருக்கு. அத நம்பித்தான் நடந்து வந்தேன் காஜியாரே. நீங்க அத ஊரக் கூட்டி வாசிச்சா நான் உசுரோட இருக்கேன். வாசிக்கலன்னா அவ நிம்மதியா இருப்பா. எது சரியோ அதச் செய்யுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அவன் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் காஜியை உலுக்கிற்று. குளிரில் நடுங்குகிற இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கல்யாணமாகி நாலே மாதத்தில் கடலுக்குப் போனவன், வீட்டுக்கு வர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. அவனை இதுவரை காஜி ஒரு வழக்காகத்தான் பார்த்திருந்தார். வெளியே நிக்காஹ் வீட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் தெருவில் கேட்டது. காஜி கடிதத்தை எடுத்தார். இரண்டு முறை வாசித்தார். வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். பிறகு அதை மடித்து, தன் கையாலேயே, அவனுடைய ஈரக் கையில் வைத்தார்.

மை கரைந்து அவன் விரல்களுக்கு நடுவே ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளங்கையில் வெறும் கூழ்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

“அப்ப நான் மவுத்தாயிட்டேன்” என்றான்.

பாயில் உட்கார்ந்தான், மெல்லச் சாய்ந்து படுத்தான், கால்களை நேராக நீட்டிக்கொண்டான். காஜி பக்கத்தில் மண்டியிட்டு அவன் காதில் கலிமாவைச் சொன்னார். அவன் உதடுகள் கூடவே அசைந்து, பாதியில் நின்றன. காஜி கண்களை மூடிவிட்டார். தன் தலைப்பாகையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துத் தாடையைக் கட்டினார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு மரண தண்டனை எழுத வேண்டி வந்துவிடுமோ என்று பயந்து, ஒருமுறைகூட எழுதாமல் தப்பித்திருந்தவர் அவர்.

“காஜியாரே, மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சு, நேரமாகுது” என்று மோதினார் வாசலில் நின்று கூப்பிட்டார்.

காஜி கதவைச் சாத்திவிட்டுப் போனார். யாக்கூபின் கையைப் பிடித்து நிக்காஹ் சொல்லிக்கொடுத்தார்; ஒரு சொல்கூட இடறவில்லை. திரைக்கு அப்பாலிருந்து மைமூன் சம்மதம் என்று சொன்ன குரலில் உயிர் இருந்தது. மையித்து மண்ணுக்குள் போக நாலு கடமை: குளிப்பாட்ட வேண்டும், கபன் இட வேண்டும், தொழ வேண்டும், அடக்க வேண்டும். தொழுகை மட்டும் முதலில் முடிந்துவிட்டது. பந்தலில் ஊர் முழுக்க விருந்துக்கு உட்கார்ந்து, சோற்றில் உப்பு அளவாக இருக்கிறது என்று பேசிக்கொண்ட நேரத்தில், காஜி ஹிபத்துல்லா தன் வீட்டுக் கிணற்றடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஆளைக் குளிப்பாட்ட எத்தனை வாளி வேண்டுமோ அத்தனையையும் தனியாக இறைத்துக்கொண்டிருந்தார்.